இருபதாவது சென்சார்

மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். ஊரை விட்டுத் தள்ளிப் புதிதாகப் போட்ட தார்ச்சாலை. இரண்டு பக்கமும் கட்டி முடித்து ஆள் குடிவராத வீடுகள். ஒரு மரம் கிடையாது. ஒரு நாய் கூடக் கிடையாது. ஒரே ஒரு ஸ்கூட்டர்... அதன் மேல் ஒரே ஒரு ஆள்.

“மதியமா?” என்றான் வயர்மேன். “மதியம் எந்தப் பேய்ண்ணே வரும்? அதுவும் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டுத்தானே டூட்டிக்கு வரும்?”

ராத்திரி நேரம். வேலையாட்கள் தங்குகிற தகர ஷெட்டில் சிரிப்பு எழுந்தது. கதை சொல்ல ஆரம்பித்த கிரேன்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

காற்று அதிகம் என்று கிரேனை நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கரண்டும் போய்விட்டது. மழை இல்லை, வறண்ட காற்று, தகரத்தில் மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. சுவரோரம் ஆறு இரும்புக் கட்டில். நடுவில் ஒரு எமர்ஜென்சி விளக்கு. டைல்ஸ்காரர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெல்டர் பீடியைப் பற்ற வைக்காமல் வாயில் வைத்திருந்தார். வேலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிற வயர்மேன் தன் கட்டிலில் காலை மடக்கிப்போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் தலைமாட்டில், கம்பியில், ஒரு ஜோடி சாக்ஸ் தொங்கியது.

“இவன் கதை அதுக்கு மேல இருக்கும் போல,” என்றார் வெல்டர். “தினமும் காலைல பார்க்கறேன், சாக்ஸைப் பிழிஞ்சு காயப் போடறான். ராத்திரி எந்த ஆத்துல இறங்கிட்டு வர்றியோ?”

“வேர்வைண்ணே. எனக்குக் கால் வேர்க்கும்.”

“உனக்கு மட்டும் லிட்டர் கணக்குல வேர்க்குது.”

“கதையைக் கேளுங்கப்பா,” என்றார் டைல்ஸ்காரர். கிரேன்காரர் தொண்டையைச் செருமினார். பிறகு சொன்னார்.

அந்த ஸ்கூட்டர் ஆள், கிரேன்காரரின் கூட்டாளிக்கு அண்ணன். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘சொட்டு’ என்றால் தெரியும். வீட்டில் தண்ணீர் கசிந்தால் போனில் கூப்பிடுமே ஒரு சென்சார், அதை வைத்துக் கொடுப்பது அவர் தொழில். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளை வட்டு. அடியில் இரண்டு உலோகப் புள்ளி. இரண்டையும் சேர்த்துத் தண்ணீர் தொட்டால் வட்டு கத்தும். வீட்டுக்காரர் போன் கத்தும். சொட்டுவின் போனும் கத்தும்.

வைப்பதை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். வைத்த பிறகு அது வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற பொருள் உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொட்டு போவார். சிங்குக்கு அடியில் தலையை விட்டு வட்டை எடுப்பார். புள்ளிகளில் படிந்த உப்பைத் துடைப்பார். பேட்டரி தீருகிறவரை காத்திருக்க மாட்டார். தேதி பார்த்து முன்கூட்டியே மாற்றிவிடுவார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து கண்ணுக்கு மருந்து விடுகிற சின்னக் குப்பி. உள்ளே தண்ணீர். மூன்று சொட்டு. விட்டுவிட்டு, போன் கத்துகிறவரை அந்த இடத்திலேயே குந்தியிருப்பார். கத்தினால்தான் எழுந்திருப்பார். வட்டின் தலையில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினாலும் கத்தும். சொட்டு அதைத் தொட்டதே இல்லை.

“ஏன்? பட்டன்தான் கத்துதே,” என்றான் வயர்மேன்.

“பட்டன் ஹாரனை டெஸ்ட் பண்ணும். சிக்னலை டெஸ்ட் பண்ணும். தண்ணி பட்டாத் தெரியுமான்னு அதுக்குத் தெரியாது. இது உனக்குத் தெரிஞ்சிருக்கணுமே, வயர்மேன்தானே நீ?”

வயர்மேன் கம்பியில் தொங்கிய சாக்ஸைத் திருப்பிப் போட்டான்.

தொழிலில் பாதி சொட்டுவின் மனைவி கையில் இருந்தது. வீட்டிலிருந்தபடியே, போனில். புது வட்டு வரும்போது அடியில், அந்தப் புள்ளிகள் மேல், மெல்லிய பிளாஸ்டிக் தோல் ஒட்டியிருக்கும். புது போன் திரையில் ஒட்டி வருமே, அந்த மாதிரி. உற்றுப் பார்த்தாலொழியக் கண்ணுக்குத் தெரியாது. அதை உரிக்காமல் வைத்தால் பட்டன் வேலை செய்யும், சிக்னல் வரும், பேட்டரி நூறு காட்டும். எல்லாம் சரி. தண்ணீர் மட்டும் தெரியாது.

அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். வட்டை வைத்ததும் சொட்டு மனைவிக்குப் போன் போடுவார்.

“எங்க வச்சீங்க?”

“கிச்சன் சிங்க். வாளிக்குப் பின்னால.”

“தோல் உரிச்சாச்சா?”

“உரிச்சாச்சு.”

அப்புறம்தான் அவள் ஆப்பில் பெயர் போடுவாள். சொன்னது சொன்னபடி. ‘கிச்சன் சிங்க். வாளிக்குப் பின்னால். தோல் உரிச்சாச்சு.’ அவள் கேட்காமல் ஒரு வட்டுக்கும் பெயர் விழுந்ததில்லை. வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனாலும் அதையேதான் கேட்பாள் என்று சொட்டு சொல்லிச் சிரிப்பாராம்.

வேலை பெருகியது. மனைவியின் தம்பி சும்மா இருந்தான். அம்மா போன பிறகு அக்கா கையில் சாப்பிட்டு வளர்ந்தவன். “அவனையும் சேர்த்துக்குங்களேன்,” என்றாள். சேர்த்துக்கொண்டார். பாதி வீடு இவருக்கு, பாதி வீடு மச்சினனுக்கு. அவனும் அக்காவுக்குப் போன் போடுவான். அவளும் கேட்பாள். அவனும் உரிச்சாச்சு என்பான்.

சொட்டுவின் சொந்த வீட்டிலும் ஒரு வட்டு இருந்தது. வாஷிங் மெஷினுக்குப் பின்னால். பழசாகிவிட்டது என்று மச்சினன் புதியது ஒன்று கொண்டுவந்து மாற்றினான். சொட்டு அன்றைக்கு வேறொரு வீட்டில் இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து...

கிரேன்காரர் நிறுத்தினார். மணல் தகரத்தில் உரசிக்கொண்டு போனது.

மெஷினுக்குத் தண்ணீர் வருகிற குழாய் பின்பக்கம் பிய்த்துக்கொண்டது. பகல் பன்னிரண்டரை இருக்கலாம். வீட்டில் யாரும் இல்லை. மெஷினில் துணி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கீழே சிந்திக் கிடந்த சோப்புத் தூளையும் கரைத்துக்கொண்டு பளபளவென்ற தரையில் பரவி, ஹாலைத் தாண்டி, வாசல் கதவு வரைக்கும் வந்து நின்றது. வட்டு கத்தியிருந்தால் சொட்டுவின் மனைவி போனும் கத்தியிருக்கும். வாசலிலேயே நின்று மெயின் வால்வை மூடியிருப்பாள். கத்தவில்லை. இரண்டு மணிக்கு மேல் அவள் வந்தாள். கதவைத் திறந்தாள். கையில் இரண்டு பை. ஒரு அடிதான் எடுத்து வைத்தாள்.

தண்ணீர் படிக்கட்டில் இறங்கியதைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கைக்கடிகாரம் தரையில் மோதி நின்றுபோயிருந்தது. இரண்டு பத்து.

அந்த இரண்டு பத்துக்கு சொட்டு யாரோ ஒருவர் வீட்டு சிங்குக்கு அடியில் குந்திக்கொண்டு மூன்று சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். ஆப்பில் இருக்கிறது. நேரத்தோடு.

“ஐயோ,” என்றார் டைல்ஸ்காரர்.

காரியமெல்லாம் முடிந்த அன்று சொட்டு மெஷினுக்குப் பின்னால் கையை விட்டார். மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டான். “நீங்க அதைத் தொடாதீங்க மாமா. நான் பார்த்துக்கறேன்.” எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் வந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “பேட்டரி தீர்ந்துபோச்சு மாமா.”

ஊர் வீட்டுப் பேட்டரிக்கெல்லாம் தேதி எழுதி வைத்திருந்த மனுஷன். சொந்த வீட்டுக்கு எழுதவில்லை. வீடுதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். புது வட்டாச்சே, அதற்குள் எப்படித் தீரும் என்று கேட்கக்கூட அப்போது அவருக்குப் புத்தி ஓடவில்லை. நான்தான் கொன்றேன் என்று பிடித்துக்கொண்டார். பத்து மாதம். சாப்பிடுவார், வேலைக்குப் போவார், வருவார். தூக்கம் மட்டும் கிடையாது. ராத்திரி முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். மச்சினன் தினமும் வந்து, எதிரில் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். “விடுங்க மாமா, யாருக்கும் மறதி வர்றதுதான்,” என்று ஆறுதல் சொல்வான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மதியம்.

போன் கத்தியது. இரண்டு பத்து. ஆள் குடிவராத அந்தச் சாலையில், ஐந்தாவது வீடு. வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். சாவி சொட்டுவிடம் இருந்தது. பூட்டும்போது மெயின் வால்வை அவரேதான் மூடினார். குழாயில் ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனால் ஆப் சொல்கிறது... ‘கிச்சன் சிங்க். வலது மூலை. தோல் உரிச்சாச்சு. நிலை: ஈரம்.’

கதவைத் திறந்தார். மூடிக் கிடந்த வீட்டின் வெக்கை முகத்தில் அடித்தது. தரையில் தூசி. தூசியில் ஒரு கால்தடம் இல்லை. சமையலறைக்குள் போனால் வட்டு கத்திக்கொண்டிருக்கிறது. பீப்... பீப்... பீப்... சிங்குக்கு அடியில் குந்தினார். கையை விட்டுத் தடவினார். சிமெண்ட் காய்ந்து கிடந்தது. வட்டை எடுத்துத் திருப்பினார்.

தோல் இருந்தது.

புள்ளிகள் மேல், ஒட்டினது ஒட்டினபடி, ஒரு ஓரம் கூடப் பெயராமல். அந்தத் தோலோடு ஆற்றில் போட்டாலும் அது கத்தாது. கத்திக்கொண்டிருந்தது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோலுக்கும் புள்ளிக்கும் நடுவில், உள்ளே, தண்ணீர். மூன்று சொட்டு. ஒன்றோடு ஒன்று சேராமல், வரிசையாக.

நகத்தால் உரித்தார். தண்ணீர் விரலில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ கையில் வைத்திருந்த மாதிரி. ஒரு வாசனை... எலுமிச்சை சோப்புத் தூள். அவர் வீட்டில் போடுகிற அதே தூள். பத்து மாதமாக அந்த டப்பாவை அவர் திறக்கவே இல்லை.

“போதும்ணே,” என்றான் வயர்மேன். “கரண்ட் வந்துடும், படுப்போம்.”

“என்னப்பா, டூட்டிக்கு வராதுன்னு சொன்னே,” என்றார் வெல்டர் வயர்மேனிடம். கிரேன்காரர் பக்கம் திரும்பி, “நீ சொல்லுப்பா,” என்றார்.

மறுநாள் இரண்டு பத்து. இன்னொரு வீடு. பாத்ரூம் கீசருக்குக் கீழே. அந்த வீட்டு அம்மா கதவைத் திறந்து, “எங்கயும் தண்ணி இல்லைங்க, ஆனா நிக்காமக் கத்துது,” என்றாள். அங்கேயும் தோல். உள்ளே மூன்று சொட்டு. அதே வாசனை. அதற்கு அடுத்த நாள் ஒரு டாக்டர் வீடு. அடுத்த நாள் ஒரு மாடி வீடு, நான்கு வட்டும் ஒரே நேரத்தில். சொட்டு போனார், அந்தந்த வீட்டில் இருந்த எல்லா வட்டையும் திருப்பிப் பார்த்தார், உரித்தார், துடைத்தார், குப்பியிலிருந்து மூன்று சொட்டு விட்டுப் பார்த்தார். இப்போது ஒழுங்காகக் கத்தியது. எழுந்து வந்தார். உரித்த தோலை ஒவ்வொன்றாகப் பர்சுக்குள் வைத்தார்.

ஆறு நாள். ஆறு வீடு. எல்லாம் மச்சினன் பார்த்துக்கொள்கிற வீடுகள். எல்லாம் ஒரே பெட்டியில் வந்த வட்டுகள். ஆறாவது நாள் சாயங்காலம் தோல்களை எண்ணினார். பத்தொன்பது.

ஒரு பெட்டியில் இருபது வரும்.

இருபதாவது எங்கே போனது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மச்சினன் மாடியில் தனி ரூம் எடுத்திருந்தான். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஃபேன். இவரைப் பார்த்ததும் எழுந்தான். “என்ன மாமா, சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே?”

சொட்டு பர்சைத் திறந்து பத்தொன்பது தோலையும் மேசை மேல் வைத்தார். முட்டைத் தோல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று. ஃபேன் காற்றில் அவை லேசாக நகர்ந்தன.

“இது என்னன்னு தெரியுதா?”

“பட்டனை அமுக்கிப் பார்த்துதான் மாமா வச்சேன். எல்லாமே கத்துச்சு.”

“பட்டனைப் பத்தி உனக்கு முதல் நாளே சொன்னேன்.”

“தோலை உரிச்சா, குழாய் வேர்த்தாக்கூடக் கத்துது மாமா. ஒரு நாளைக்கு நாலு போன். வண்டியை எடுத்துட்டுப் போய்ப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. அதான்... கொஞ்ச நாள் இருக்கட்டும்னு...”

“அக்கா கேட்டப்பல்லாம் உரிச்சாச்சுன்னியே.”

மச்சினன் காற்றில் நகர்ந்த ஒரு தோலை விரலால் பிடித்துப் பழைய இடத்தில் வைத்தான்.

“எங்க வீட்டுல வச்சியே. அதுலயுமா?”

பேசவில்லை.

“பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு சொன்னே. பத்து மாசம்டா. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்னு நான் தூங்காம கிடந்தேன். நீ எதிர்ல உக்காந்து சாப்பிட்டே.”

கிரேன்காரர் விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மச்சினன் வாயே திறக்கலை.”

“திறந்தான்,” என்றான் வயர்மேன்.

காற்று ஒரு நிமிடம் நின்றது போல இருந்தது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

“இல்ல... ஏதாவது சொல்லியிருப்பான்ல. அக்காவே உரிக்க வேண்டாம்னு சொன்னான்னு... அப்படி எதாவது.” அவன் போர்வையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டான். “சும்மா சொன்னேன். மேல சொல்லுங்க.”

கிரேன்காரர் அவனையே பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கதையை வேறு யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

“ஆமா,” என்றார். “அப்படியேதான் சொன்னான்.”

“அக்காதான் மாமா சொன்னா. கத்திக் கத்தி உங்க தூக்கம் கெடுதுன்னு. நம்ம வீட்டுது மட்டும் கத்தாத மாதிரி வைடா, அவர்கிட்ட சொல்லாதேன்னா. செத்துப் போனவளைக் காட்டிக் கொடுக்க வேணாமேன்னுதான் பேட்டரின்னு சொன்னேன்.”

மச்சினன் அழுதான். சொட்டு படி இறங்கி வந்துவிட்டார்.

அந்த ராத்திரிதான் அவருக்கு மற்ற எல்லா ராத்திரியையும் விடக் கெட்ட ராத்திரி. மச்சினன் ஏமாற்றினான் என்பது ஒரு அடி. அவளுமா? நூறு தரம், ஆயிரம் தரம் தோல் உரிச்சாச்சா என்று கேட்டவள், தன் வீட்டுக்கு மட்டும் வேண்டாம் என்றாளா? என்னிடம் சொல்லாமல்? அவள் படம் சுவரில் இருந்தது. அதைத் திருப்பி வைத்தார்.

மறுநாள் மதியம் வேலைக்குப் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போன் கத்தியது.

இரண்டு பத்து.

ஆப்பைத் திறந்தார். மச்சினனின் பட்டியலில் அதுவரை பத்தொன்பது பெயர்தான் இருந்தது. வீட்டு வட்டை, அவள் போன அன்றே, மச்சினன் பட்டியலிலிருந்து அழித்துவிட்டிருந்தான். இப்போது இருபது இருந்தது. கடைசிப் பெயரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் எழுதுகிற விதம்தான். அவள் போடுகிற மாதிரியே ஒவ்வொன்றுக்கும் நடுவில் புள்ளி.

‘நம்ம வீடு. மெஷினுக்குப் பின்னால். உரிச்சாச்சுன்னு தம்பி சொன்னான்.’

பேட்டரி நூறு. சிக்னல் நன்று. நிலை: ஈரம்.

மெஷினுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். வட்டு ஏது? பத்து மாதத் தூசியும், குழாய் இருந்த ஓட்டையும்தான். தொட்டுப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

வந்து அவள் படத்தைத் திருப்பி நேராக வைத்தார். துண்டால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“அவ்வளவுதானா?” என்றார் டைல்ஸ்காரர், மெல்ல.

“அடுத்த நாள் பேர் மாறிடுச்சு.”

‘தம்பி ரூம். கட்டிலுக்கு அடியில்.’ நிலை: ஈரம்.

மச்சினன் ரூமில் எந்த வட்டும் கிடையாது. வைத்ததே இல்லை. ஆனால் ஆப் கத்துகிறது. ஒரு வட்டு கத்தினால் சொட்டு செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. அந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, ‘தண்ணி வருது, காலைக் கீழே வைக்காதீங்க’ என்று சொல்வது. இத்தனை வருடத்தில் ஒருமுறை கூடத் தவறியதில்லை. நடுச்சாமத்தில் கத்தினாலும் சொல்லுவார். காய்ச்சலில் கிடந்தாலும் சொல்லுவார்.

மச்சினன் நம்பரை எடுத்தார். பார்த்தார்.

போனை மெத்தையில் கவிழ்த்து வைத்தார். அது கத்தியது. பீப்... பீப்... பீப்... அது கத்தக் கத்த, பத்து மாதத்தில் முதல் தடவையாக அவர் தூங்கினார்.

அந்த வாரமே மச்சினன் ரூமைக் காலி செய்தான். தொழிலை விட்டான். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. சொட்டுவுக்கு மட்டும் தெரியும். பெயர் மாறிக்கொண்டே இருந்தது. ‘புது ரூம். ஜன்னலோரம். கட்டிலுக்கு அடியில்.’ ஒரு மாதம். ‘லாட்ஜ். மூணாவது மாடி. கட்டிலுக்கு அடியில்.’ இரண்டு வாரம். எங்கே போனாலும், எத்தனை ஊர் தள்ளிப் போனாலும், சிக்னல் நன்று. பேட்டரி நூறு. அதிலிருந்து ஒரு புள்ளி கூட இறங்கவில்லை.

கிரேன்காரர் எழுந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். குடிக்கவில்லை. மூடியைத் திருகிப் பழையபடி வைத்தார்.

“போன ஞாயித்துக்கிழமை கூட்டாளியைப் பார்க்கப் போயிருந்தேன். அங்க அவர் இருந்தார். எங்க வேலை பார்க்கறேன்னு கேட்டார். சொன்னேன். போனை எடுத்து என்கிட்ட நீட்டினார். நான் சும்மா வாங்கிப் பார்த்தேன்.”

“என்ன போட்டிருந்துச்சு?” என்றார் வெல்டர். பீடி அவர் வாயிலிருந்து விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

“‘தகர ஷெட். கதவுலேர்ந்து நாலாவது கட்டில்.’”

டைல்ஸ்காரரின் தலை தானாகக் கதவுப் பக்கம் திரும்பியது. ஒன்று... அது வெல்டருடையது. இரண்டு, அவருடையது. மூன்று, கிரேன்காரருடையது. அடுத்த கட்டிலில் வயர்மேன் இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யோசித்துப் பார்த்தால், விளக்கு வைத்ததிலிருந்தே அவன் கால் தரையில் படவில்லை.

அவன் சண்டைக்கு வரவில்லை. பொய் என்றும் சொல்லவில்லை. சின்னக் குரலில், ஒன்றே ஒன்று கேட்டான்.

“மாமா எப்படிண்ணே இருக்கார்?”

“நல்லா இருக்கார்,” என்றார் கிரேன்காரர். “இப்பல்லாம் நல்லாத் தூங்கறார்.”

வயர்மேன் தலையாட்டினான். அவன் பாதங்கள் போர்வைக்கு வெளியே தெரிந்தன. வெளுத்து, சுருங்கி, நாள் கணக்கில் தண்ணீரில் ஊறியவை போல இருந்தன.

வெளியே காற்று மணலை வாரி அடித்தது. ஒரு பொட்டு மழை இல்லை. ஷெட்டுக்குள் எங்கிருந்தோ எலுமிச்சை வாசனை வந்தது... முதலில் லேசாக, பிறகு நன்றாகவே. வெல்டர் போன் டார்ச்சை அடித்து நாலாவது கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

சிமெண்ட் தரை. காய்ந்த மணல். மணலின் மேல், ஒன்றோடு ஒன்று சேராமல், வரிசையாக... மூன்று சொட்டு.